ஜாபிதா

பாகப்பிரிவினை வழக்கு.
முன்சீப் கோர்ட்டு அமீனா நான்
கொடைக்கானல் ஃபேர்மவுண்ட் பங்களாவுக்குள் நுழைந்தபோது
காலை பத்தரை. எதிர்வீடு தெரியாத பனி.
மிஸ் ஹாலோவெல் செத்துப் பதினான்கு மாதம்.
ரிச்மண்டில் ஒரு மருமகன், பெங்களூரில் ஒரு டிரஸ்ட்,
இருவருக்கும் நடுவில்
நானும் மூன்று படி கார்பன் தாளும்.

எழுதினேன்.
வால்நட் மேஜை ஒன்று, இழுப்பறை ஆறு,
ஒன்றுக்குச் சாவி இல்லை.
நிலைக்கடிகாரம் ஒன்று, ஓடவில்லை.
பித்தளைச் சிங்கம், முன்னங்கால் ஒடிந்தது.
எண்ணெய்ப் படம்: நரைத்த தலை,
கையில் இறகுப் பேனா, கன்னத்தில் பூஞ்சணம்.

"அது பெரியவருங்க" என்றார் குழந்தைவேலு,
வாட்ச்மேன், சொந்த ஊர் பூம்பாறை.
"அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தப்ப
கையெழுத்துப் போட்டவராம், அம்மா சொல்லும்.
இந்த மேஜையிலதான் எழுதுவாராம்.
கப்பல்ல வந்து, ரயில்ல அம்மையநாயக்கனூர்,
அங்கேருந்து ஆள் தோள்ல."

யார் தோளில் என்று கேட்கவில்லை.
ஜாபிதாவில் அதற்குக் கட்டம் இல்லை.

பதினொன்றே காலுக்கு வெளியே போனேன்.
அவுட்ஹவுஸ் அளந்தேன். டேலியாப் பாத்தியில்
காட்டெருமை ஒன்று நின்று மூச்சுவிட்டது.
அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?
சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

சாவியில்லாத இழுப்பறையை
ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினோம்.
எலிப்புழுக்கை. நாடா கட்டிய காகிதக் கட்டு.
பெரியவர் இறந்த மறுவாரம்
அவர் வீட்டுச் சாமான்களை
யாரோ ஒருவன் நின்று எழுதியிருக்கிறான்.

என் உத்தியோகம்தான்.
சந்தோஷமாகக்கூட இருந்தது,
இருநூறு வருஷத்துக்கு அந்தப்பக்கம்
ஓர் அமீனாவைச் சந்தித்ததில்.

வெள்ளிக் கரண்டி பன்னிரண்டு.
இறகு மெத்தை இரண்டு, ஒன்று கிழிசல்.
செம்பழுப்புக் குதிரை, வயது ஏழு.
டைனா, வயது ஒன்பது, இடக்கண்ணில் பூ.
தேன் ஜாடி மூன்று, ஒன்றுக்கு மூடி இல்லை.

டைனாவையும் குதிரை என்றே நினைத்தேன்.
அடுத்த தாளில்
'டைனாவின் தாய், சமையல் தெரியும்' என்று வரும்வரை.

எதிரே விலை போட்டிருந்தது.
கடிகாரத்தைவிட அதிகம்.
குதிரையைவிடக் குறைவு.

நல்ல கையெழுத்து.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.
அந்த வரியில் எங்காவது
மை கொட்டியிருக்கிறதா,
பேனா ஒரு நொடி நின்றிருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
தேன் ஜாடிக்கு எழுதிய அதே வேகம்.

படத்தில் இருந்தவர்
இறகைப் பிடித்தபடி இருந்தார்.

குழந்தைவேலு கடுங்காப்பி கொண்டுவந்தார்.
குடித்துக்கொண்டே என் தாள்களைப் புரட்டினேன்.
பக்கம் நான்கு, வரிசை எண் முப்பத்தொன்று:
அவுட்ஹவுஸ் ஒன்று, தகரக் கூரை,
வாட்ச்மேன் குடும்பம் நான்கு பேர் உட்பட.

வழக்கமாக எழுதுவதுதான்.
பதினாறு வருஷமாக எழுதுகிறேன்.
வில்பட்டியில், செண்பகனூரில், எத்தனையோ வீடுகளில்.
என் கையும் எங்கும் நின்றதாக நினைவில்லை.

அடித்தேன்.
அடித்ததற்குச் சுருக்கொப்பம் போட்டேன்.
கோட்டுக்கு அடியில் நான்கு பேரும்
தெளிவாகத் தெரிந்தார்கள்,
கார்பன் படியில் இன்னும் தெளிவாக.

பிறகு சாட்சிக் கையெழுத்து.
"உட்கார்ந்து போடுங்க" என்று நாற்காலியை இழுத்தேன்.
குழந்தைவேலு அதைப் பார்த்தார்.

"இதை எழுதிட்டீங்களா சார்?"
"எழுதியாச்சு."
"அப்ப வேணாங்க."

நின்றபடி,
பெரியவரின் மேஜையில்
முழங்கை படாமல்
பேர் எழுதினார்.
நேரம் எடுத்து,
ஒவ்வொரு எழுத்தாக.