தேயாத பக்கம்

முழுப் பாதையையும் கழற்றிப் புதிதாய்ப் போட
நான் அனுப்பிய மதிப்பீட்டில் ஒன்பது இலக்கங்கள்.
கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது
கடைசி இரண்டு பூச்சியங்களைக் காணோம்.
கூடவே ஒரு வரி:
இருப்பதைக் கொண்டு ஆவன செய்யவும்.

ஆவன.
அந்தச் சொல்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
சீனக்குடாவிலிருந்து நடந்தேன்.
கையில் சுத்தியல், அளவுகோல், தண்ணிப் போத்தல்.

ஒவ்வொரு கட்டையாய்த் தட்டிக்கொண்டு போனால்
நல்ல முதிரை ணங் என்னும்,
உள்ளே உளுத்தது பொத் என்னும்.
வைத்தியர் நெஞ்சில் தட்டிப் பார்ப்பதுபோல என்று
எழுதலாம்தான்.
ஆனால் இந்த நோயாளிக்கு
மூன்று கிலோமீற்றர் நீளம்,
வைத்தியருக்குக் குதிக்கால் வெடிப்பு.

நூறில் முப்பத்தெட்டுப் பொத்.
மிச்சம் இன்னும் பத்து மாரி தாங்கும்.
எல்லாவற்றையும் எடு என்கிறது கையேடு.
மிஸ்கீன் அலவாங்கில் சாய்ந்து நின்று கேட்டார்:
"ஓடு ஒண்டு வெடிச்சா
வீட்டையா இடிக்கிற, மிஸ்?"

நாலுக்கு ஒன்று கொங்கிரீட்,
இடையில் தப்பிப் பிழைத்த முதிரை.
சல்லியை வெட்டி அள்ளிச் சலித்து
மண்ணை மட்டும் கழித்து
அதே சல்லியை அதே இடத்தில் இறுக்கினோம்.
கட்டைக்கு மேலே வைக்கும் றப்பருக்கு
நிலாவெளி ரோட்டில் பழைய லொறி ரயர் வாங்கி வெட்டினேன்.
என் யோசனை.
மார்கழி முடிய முன்னம் பிய்ந்துபோனது.
பதிவேட்டில் அதுவும் உண்டு:
தோல்வி. ஆறாயிரம் ரூபாய்.

தம்பலகாமத்து வளைவில்
வெளித் தண்டவாளத்தின் உட்கன்னத்தைச்
சில்லுகள் உரசி உரசிச் சீவியிருந்தன.
விரலை வைத்தால் கத்தி.
மற்றக் கன்னம்?
அதைத் தொட்டது வெயிலும் மழையும் மட்டும்.

பன்னிரண்டு பேர்.
ஜெயதிஸ்ஸ எண்ணினார்: எக்கய், தெக்கய், துனய்.
துனய்க்குத் தூக்கிப்
பின்னால் நடந்து, முன்னால் நடந்து,
யாருடையதோ செருப்பை மிதித்து,
தலையும் வாலும் மாற்றி இறக்கினோம்.
இத்தனை காலம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம்
இப்போது சில்லுக்கு முகம் கொடுத்தது,
ஒரு கீறலும் இல்லாமல்.
வார்த்தவர்கள் பதித்த ஆண்டும் பெயரும்
வயல் பக்கம் போய்விட்டன.
கொக்கு வாசிக்கட்டும்.

புதுத் தண்டவாளம் ஒரு முழம்கூட வாங்கவில்லை.
வாங்கியது ஆணி, வாசர், தேத்தண்ணிக்குச் சீனி.
வரப்பை மிதித்ததற்கு
வயல்காரர் யோகதாசனுக்கு இரண்டாயிரம்.

திருகோணமலை முனையில் இது செல்லாது.
அங்கே இரும்பு தேய்வதில்லை, தின்னப்படுகிறது.
உப்புக்காற்று பாதத்திலிருந்து ஏறும்,
திருப்பிப் போட்டாலும் அதே புண்.
மாகோவில் கழற்றி எறிந்ததைக் கேட்டு வாங்கினேன்.
அங்கத்தைய வேகத்துக்கு அது கிழடு.
இங்கே ஊர்ந்து வந்து நிற்கும் கோச்சிக்கு
இன்னும் இருபது வருடம் குமரி.

வளைவில் நின்ற 15 என்ற பலகையைப் பிடுங்கினோம்.
இரவுத் தபாலின் சாரதி நம்பவில்லை.
மூன்று இரவும் அதே இடத்தில்
இல்லாத பலகைக்குப் பிறேக் பிடித்தார்.
நாலாம் இரவு
வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
சத்தம் மாறாமலே போனது.
யாரிடமும் சொல்லவில்லை.
தனியே நின்று ஒரு விசுக்கோத்துத் தின்றேன்.

கந்தளாய்க்கு அப்பால் காட்டுக்குள்
இன்னொரு பலகை இருக்கிறது.
நேரம் மிச்சப்படுமாம்,
அதையும் எடுக்கலாமே என்று கடிதம்.
போய்ப் பார்த்தேன்.
கட்டைகள் எல்லாம் ணங்.
தண்டவாளம் நேர்.
நடுவில் சூடு ஆறாத ஆனைலத்தி,
பக்கத்தில் சின்னதாய் இன்னொன்று.

எழுத்து மங்கிப்போயிருந்தது.
பழைய எண்ணை அப்படியே
மேலால் எழுதிவிட்டு வந்தேன்.

செலவு: பெயின்ற், ஒரு பேணி.
விபரம்: ஆவன.