கண்ணாடி பிடித்தவன்

வாசலில் ஒரு கண்ணாடி.
உள்ளே, படி திரும்புமிடத்தில், இன்னொன்று.
வெளியே என் மைத்துனன் புர்ஹாமி
சூரியனைப் பிடித்து எறிவான்,
நான் வாங்கிச் சுவரில் போடுவேன்.
நாளுக்கு ஐந்து குருஷ்.

முன்பு ஆடு மேய்த்தேன். இதுவும் அதே வேலைதான்.
வெயில் ஓரிடத்தில் நிற்பதில்லை,
கொஞ்சம் கண்ணயர்ந்தால்
அடுத்தவன் வயலில் வாய் வைத்துவிடும்.

சித் டாரண்ட் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து
சுவரைப் பார்த்தாள்.
நாலாம் நாள் தண்ணீர் கேட்டாள்.
கழுதைமேல் வந்த ஆற்றுத் தண்ணீர்.
தூரிகை பட்டதும் நீலம்
கோப்பைக்குள் புகையாய் இறங்கியது.
இந்தச் சுவரை எழுதியவனும்
இதே ஆற்றில்தானே மொண்டிருப்பான்
என்று எனக்குத் தோன்றியது இரவில்,
படுத்த பிறகு.

சுவரில் விருந்து நடக்கிறது.
வாத்துகளைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வருகிறான் ஒருவன்.
திராட்சை மிதிக்கிறார்கள் நாலு பேர், மேல்கயிற்றைப் பற்றிக்கொண்டு.
எல்லாவற்றையும் எழுதினாள்:
வௌவால் கறையை, விளக்குக் கரியை,
பெரியவரின் முழங்கால்மேல்
குளவி கட்டிய மண்கூட்டை.
“கூட்டையுமா?” என்றேன்.
“இருக்கிறதே” என்றாள்.
பெரியவரின் முகத்துக்கு ஒரு காலைப்பொழுது.
குளவிக்கூட்டுக்கு இரண்டு நாள்.

அவர் பக்கத்தில் அவர் மனைவி.
கை நீட்டி அவருக்கு ஏதோ தருகிறாள்.
கை மணிக்கட்டோடு முடிகிறது.
அதற்கப்பால் ஒரு சதுரப் பள்ளம்,
ரம்பம் போன நேர்க்கோடுகள்.
அந்த இடத்தில் தாளை வெறுமனே விட்டாள்.
“தெரியாததை நான் எழுதுவதில்லை.”

எனக்குத் தெரியும்.
எனக்கு ஒன்பது வயது. ரம்பத்தின் சத்தம் அடங்க
ஈரத்துணி சுற்றியிருந்தார் அப்பா.
சாக்கில் வைக்கோல் திணித்து
அதற்குள் படுக்க வைத்தோம் அந்தக் கையை.
யாரோ ஒரு துரை வாங்கிப் போனார்.
கை எங்கள் வீட்டில் எருமையாயிற்று.
அதன் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தேன்.
அன்றைக்கும்
வெளிச்சம் பிடித்தது நான்தான்.

வெயில் அந்தச் சதுரத்தைத் தொடும்போதெல்லாம்
என் கண்ணாடி நடுங்கியது.
“அசைக்காதே, ஷாஸ்லி” என்பாள்,
திரும்பிப் பார்க்காமல்.

கடைசி நாள். அவள் தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தாள்.
நான் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னேன்:
“தாமரை இல்லை, மஞ்சள் பழம், சின்னது.
மூன்று விரலால் பிடித்திருந்தாள்.
சுண்டுவிரல் தனியாக நின்றது.”

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.
தூரிகையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.
தாளின் அடியோரம்
எறும்பு போவதுபோல் ஒரு வரி, அவள் எழுத்தில்.
சதுரம் வெள்ளையாகவே இருந்தது.
வெளியிலிருந்து புர்ஹாமி கத்தினான்,
மலை வெயிலை விழுங்கியாயிற்று என்று.

காவல்காரன் வருவான் என்று
பல வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரும் வரவில்லை.
இலாகாக்காரர்கள்தான் வந்தார்கள்,
கூட்டைச் சுரண்டிச் சுவரைத் துடைத்தார்கள்.
அந்தக் குளவிக்கு இப்போது
அவள் தாளில் மட்டும்தான் வீடு.

தாள் தகரக் குழாயில் கப்பலேறிப் போனது.
கை போனதும் கப்பலில்தான்.
எந்த ஊரோ.
அதே ஊராகக்கூட இருக்கலாம்,
இரண்டு தெரு தள்ளி.