ஐந்து மில்லி

உலான்பாத்தரில் மைனஸ் முப்பது.
உறைந்த சன்னலுக்கு இப்பால்
ஊசியில்லாத சிரிஞ்சில் சிவப்பு மருந்து.
"கசக்குது" என்று துப்பப் பார்த்தாள் நோமின்.
பிறகு விழுங்கினாள்.

கால்மணி நேரத்தில்
அப்பாவுக்கு மூன்று மூக்கு.
கட்டில் கம்பிக்குள் ஒட்டகம் ஒன்று நுழைகிறதாம்.
நாக்குழறச் சிரித்தவள்
திடீரென்று கிட்டே வரச் சொன்னாள்:

"லாரிச் சாவியை அடுப்புச் சாம்பலில் போட்டது
நான்தான். தம்பி இல்ல."

தாம்தின் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்கு அடி வாங்கியவனுக்கு மூன்று வயது.

கதவு திறந்தது.
அழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை;
நர்ஸின் தோளில் சாய்ந்து போய்விட்டாள்.

"இதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்காது"
என்றார் மயக்க மருத்துவர்.

காலி சிரிஞ்சை எடுத்து
நுனியை நக்கிப் பார்த்தார் தாம்தின்.
அவள் பொய் சொல்லவில்லை.
கசக்கத்தான் செய்தது.