ஒரே மை

வார்தோ ஆவணக் காப்பகத்தில்
கையுறை மாட்டினால்தான் தொட விடுவார்கள்.

கேப்டனின் நாட்குறிப்பு:
ஆறு நாள் புயல்.
மேல்தளத்தை அலை வழித்துப் போனதாம்,
இரண்டு பேர் அதோடு போனார்களாம்.
ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை.
ஆறு நாளுக்கும் ஒரே மை,
ஒரே இருப்பில் எழுதிய சாய்வு.

தொர்பியோர்க் உதட்டைப் பிதுக்கினாள்.
ஐந்து பத்திரிகைகள் இதையேதானே சொல்கின்றன என்றேன்.
ஐந்தையும் என் பக்கம் திருப்பி வைத்தாள்.
செத்தவன் பெயரில்
ஐந்திலும் அதே எழுத்துப்பிழை.
வாய் ஐந்து, நாக்கு ஒன்று.

கடைசிப் பெட்டியில்
ரொட்டிக்கடைக் கடன் நோட்டு.
மாவுக் கறை, கூட்டல் தப்பு.
புயலின் நான்காம் நாளில்
கேப்டன் பெயருக்கு நேரே:
கறுப்பு ரொட்டி இரண்டு, பாக்கி.

நம்மை நினைத்து எழுதாத வரி.
நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

அவள் எழவில்லை.
"கடன் கொடுத்தவளுக்கும் ஒரு கோபம் இருக்கும்.
அவன் கணக்கில் அவன் பெண்டாட்டி வாங்கியிருக்கலாம்.
அதுவும் போக
இந்தச் சாட்சியை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது,
அதுதான் உதைக்கிறது."

மணி இரண்டுகூட ஆகவில்லை,
ஜன்னலில் இருட்டு.
விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு
நோட்டின் முதல் பக்கத்துக்குப் போனாள்.