பதினான்காம் தட்டு

மண்டபத்திலிருந்து உச்சிப்புளி தாண்டும்வரை
பேருந்தில் கையை மோந்துகொண்டே வந்தோம், ஆறு பேரும்.
எலுமிச்சை, சீயக்காய், சபுரா தந்த அத்தர்
எதற்கும் போகவில்லை நண்டு வாசம்.
ராமநாதபுரம் தியேட்டரில் ஏசி போட்டதும்
முன் வரிசைக்காரர் ஒருவர் மூக்கைத் தேய்த்துத் திரும்பினார்.
அவர்தான் முதல் சந்தேகம், என்றாள் ஜெனோவா.
படம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

நல்ல படம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
கடலோர பங்களா, ஒன்பது விருந்தாளிகள்,
விடியும்போது
கணக்கு எழுதும் பெண் செத்துக் கிடக்கிறாள்.
இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு அவசரமே இல்லை.
கொடுக்கைத் திருகி, கணுவை நெரித்து,
சதை சிதையாமல் உருவி வைப்பதுபோல
ஒவ்வொருவரையும் உரித்து வைத்தாள்.
பார்க்கப் பார்க்க என் கட்டைவிரல் தானாக அசைந்தது.
நகைகளைப் பற்றிப் பொய் சொன்னாள் ஒருத்தி.
கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்தான் ஒருவன்.
அடடா, என்றேன்.

இடைவேளையில் ஆளுக்கொரு கொலைகாரன்.
முத்துராக்கு முதலாளி தம்பிமேல் பத்து ரூபாய் கட்டினாள்,
சபுரா டாக்டர்மேல்.
நான் சமையல்காரன்மேல்.
ஏன் என்றால், அவனை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.
பாப்கார்ன் விலையைக் கேட்டுவிட்டு
வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தோம்.
அதுகூட உறைக்கவில்லை.
சீட்டுத் தவணை, மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும்
டிக்கெட் கிழித்தவனிடமே கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் நிலா நண்டு.
பௌர்ணமிக்குப் பிடித்ததைத் தூக்கினால் கனக்கும்,
உடைத்தால் தண்ணீர்.
கடைசி அரைமணி நேரம் அப்படி.
கச்சான் அடிக்கிற ஆடி மாதம்
வடகடலில் வீசிய செருப்பு
தென்கடலில் கரை ஒதுங்குகிறதாம்.
நீரோட்டம் மேலே இழுக்கும்போது
பாம்பன் வாய் வழியாக அதைக் கீழே நடத்திக் கூட்டிவந்தது யார்?
அந்தக் கொலைகாரனைப் பிடியுங்கள் முதலில்.

திரும்பும் பேருந்தில் ஜெனோவா கேட்டாள்:
செத்தவள் பேர் என்ன?
ஆறு பேரும் யோசித்தோம்.
ஒன்பது பேரின் பேரும் வந்தது,
டாக்டரின் நாய் பேரும் வந்தது.
பெருங்குளம் விலக்கில் விட்டுவிட்டோம்.

செய்தது தம்பிதான். முத்துராக்கு பணத்தை வாங்கி
இடுப்பில் செருகினாள். நான் சண்டை பிடித்தேன்.
பிணம் கிடந்த அறைக்கு வெளியே நின்று
டீயை ஊதி ஊதிக் குடித்தவன் அவன்.
கை நடுங்கவில்லை, கண் ஓடவில்லை.
செய்தவன் முகத்தில் ஒரு கோடாவது விழ வேண்டாமா?
இது ஏமாற்று, என்றேன்.
டைரக்டருக்கு மனுசரைத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சூப்பர்வைசர்
ஓட்டுத் துண்டு ஒன்றைத் தாளில் வைத்துக் கொண்டுவந்தார்.
நகக்கண் அளவு.
கப்பலேற வேண்டிய டப்பாவில் கிடந்ததாம்.
பதினான்காம் தட்டு, என்றார்.

பதினான்கு நாகவள்ளியுடையது.
சனிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று
மூன்று மணிக்கே போய்விட்டாள்.
மிச்சமிருந்ததை உரித்து முடித்தது யார் என்று
யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நூற்றிருபது ரூபாய் பிடித்தம்.
நாகவள்ளி வாதாடவில்லை.
விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
அவளே நம்பிவிட்டவள்போல.

பதினோரு மணிக்கு டீ வந்தது.
ஆடை கட்டியிருந்தது, ஒதுக்கினேன்.
நல்ல சூடு.
ஊதி ஊதிக் குடித்தேன்.