இரண்டாம் ஜன்னல்

பாயான் பாருவில்
காரில் இருந்தபடியே வாங்கிப்போகும் கடை.
முதல் ஜன்னலில் காசு. இரண்டாவதில் நான்.

கண்ணாடி இறங்கும் அளவுக்குத்தான் பாட்டு.
பொட்டலம் கைமாறியதும் ஏறிவிடும்.
மைவியில் பல்லவி,
பின்னாலேயே ஒரு சாகா, அதே பல்லவி
சாகாமல்.
அப்புறம் புடவைக் கடைக் கழிவு,
"உங்களுக்காகவே" என்று சிரிக்கும் அறிவிப்பாளர்.

மூன்று மணிக்கு அந்தப் பாட்டு.
ஐந்தேகாலுக்கு.
ஏழரைக்கு; பொருத்தமான நேரம்தான்.

நாலு மாதமாகியும்
சரணம் என் காதில் விழுந்ததில்லை.
அது வரும்போது வரிசை காலியாக இருக்கும்,
இல்லையென்றால் சீனப் பாட்டோடு ஒரு குடும்பம்.

நேற்று மழை, பாலத்தில் நெரிசல்.
ஐந்தேகாலுக்கு மீன் ஐஸ் பெட்டிகளோடு ஒரு வேன்.
மைலோ இயந்திரம் மக்கர்.
"பரவால்ல லா, நிக்கிறேன்" என்றார்.
கண்ணாடியை ஏற்றவில்லை.

சரணம் வந்தது.
சுமார்தான்.
இதற்கா இத்தனை நாள் என்று
மூடியைத் தேடத் திரும்பினேன்.

அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்,
தாளத்துக்கு அரை அடி பிந்தி,
அதைப் பற்றிய கவலையே இல்லாமல்.

ஏழரைக்குப் பாட்டு வந்தது.
அந்தத் தப்பு வரவில்லை.