இலைக்கு ஒரு சொல்

வியாழக்கிழமைகளில் பத்துச் சொற்கள்.
வலயத்துப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
சொல்லைக் கொடு, பொருளைச் சொல்லாதே,
பிள்ளை அதை ஒரு வசனத்துக்குள் கூட்டிப் போகட்டும்.
பிறிஸ்டல் மட்டையில் மரம் வெட்டி
இலைக்கு ஒரு சொல்லாய் ஒட்டினேன்.
மின்விசிறி போட்டால் மரம் முழுக்கப் படபடக்கும்.
'விளிம்பு' இரண்டு தரம் கழன்று விழுந்தது.

கொழும்புத்துறை, மூன்றாம் வகுப்பு,
முப்பத்தொரு கொப்பிகள்.
இரவு பாணும் சம்பலும் தின்றபடி திருத்துகிறேன்.

பாரம்: நுளம்பு பாரமில்லை.
டிலக்சனுக்குச் சரி.
பொறுப்பு: பெயர் எழுதுற பொறுப்பு எனக்கு ஒருநாளும் தராயினம்.
இது கம்ஷிகா, என் மேல் முறைப்பாடு. அதுவும் சரி.
விளிம்பில நிண்டா அம்மா கத்துவா
என்று எழுதிய ஆன் ஜெனிற்றா
எதன் விளிம்பு என்று சொல்லவில்லை.
'நிண்டா'வை 'நின்றால்' ஆக்கினேன்;
திருத்திய பிறகு
யாரும் கத்துவதுபோல் கேட்கவில்லை.

தவணை.
நான் எதிர்பார்த்தது பரீட்சை, விடுமுறை.
இருபத்தெட்டுப் பேர் அதையே தந்தார்கள்,
அதில் பதினேழு பேர் ஒரே வசனத்தை
ஒரே எழுத்துப் பிழையோடு.
மூன்றாம் வாங்கிலிருந்து பரவியிருக்க வேண்டும்.

சானுஜன் எழுதியிருந்தான்:
தவணை வாற செவ்வாய்க்கிழமை
நாங்கள் லைற் நூத்துப்போட்டு
மெதுவாக் கதைப்பம்.

சிவப்புப் பேனை கொப்பிக்கு மேலே நின்றது.
பேச்சு வழக்கு என்று ஓரத்தில் எழுதலாம்.
எந்தக் குழுக் கடன்,
படலையில் நிற்பது யாருடைய மோட்டார்சைக்கிள்,
எத்தனை மணிக்கு லைற் திரும்பப் போடுவீர்கள்
என்று எழுத ஓரம் போதாது.
என் ஸ்கூட்டிக்கும் மாதம் பதினான்காம் திகதி வரும்.
அன்று நானும்
தெரியாத இலக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை.

சரி போட்டேன்.
'நூத்து' அப்படியே இருக்கிறது.

வெள்ளி, மட்டை மரத்தடியில்,
ஆருடைய கொப்பி என்று சொல்லாமல் கேட்டேன்:
தவணைக்கு வேறு பொருள் இருக்கோ?
சானுஜன் அழிறப்பரைக் கடித்தான்.
கடைசி வாங்கில், தை மாதம் தொடங்கி
ஓம், இல்லை தவிர வேறொன்றும் பேசாத மெரிஷா
கையைத் தூக்காமலே சொன்னாள்:
"கோட்டில போடுறது, ரீச்சர்.
மாமாவுக்கு ஆறு தரம் போட்டாச்சு."

முப்பது தலைகள் திரும்பின.
"உண்மையோ ரீச்சர்?" என்றாள் கம்ஷிகா.
சொல்லைப் பற்றித்தான் கேட்டாள்.
ஓம் என்றேன்.
"அப்ப ஒரு இலை காணாது."

மட்டை முடிந்துவிட்டது.
போன மாதத்துக் கலண்டர் தாளில்
இன்னும் இரண்டு வெட்டினோம்.
ஒன்றின் பின்னால் சிவப்பில் ஒரு போயா நாள் தெரிந்தது.
பசை பூசும் பொறுப்பைக் கம்ஷிகா கேட்டாள்,
சானுஜன் ஏற்கனவே போத்தலை எடுத்துவிட்டான்.
அளவுக்கு மிஞ்சிப் பூசினான்,
இலைக்கு வெளியேயும்,
தன் முழங்கை வரைக்கும்.

மின்விசிறி சுழல்கிறது.
எல்லாம் ஆடுகின்றன,
அவன் ஒட்டியதைத் தவிர.